கடன் கொடுக்கும் முன் கேட்கிறோம். குழி தோண்டும் முன் கேட்க வேண்டாமா?

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஏன் வேண்டும்?’ தலைப்பைக் கேட்டதும் எங்க ஊர் அக்கா ஒருத்தர், “இது காலேஜ் பிள்ளைங்களுக்குப் பேச வேண்டியதாச்சே, நமக்கு எதுக்குடி?”ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், “அக்கா, நமக்குத்தான் இது நல்லாத் தெரியும். பேருதான் தெரியாது.”

எப்படின்னு சொல்றேன். குழு ஆரம்பிச்சதும் உடனே நமக்கு வங்கியில கடன் கொடுத்தாங்களா? இல்லை. ஆறு மாசம் சேமிக்கச் சொன்னாங்க. அப்புறம் தர மதிப்பீடு. வாரக் கூட்டம் ஒழுங்கா நடக்குதா, தீர்மானப் புத்தகம் எழுதுறீங்களா, உள்கடன் திரும்பி வருதா, எல்லாத்தையும் புரட்டிப் பார்த்தாங்க. நாமளும் அப்படித்தான். ஒரு தங்கச்சி மாட்டுக் கடன் கேட்டா, “கொட்டகை இருக்கா? தீவனத்துக்கு என்ன வழி? பால் மறத்துப்போனா தவணையை எதுல கட்டுவே?”ன்னு இருபது பேர் சுத்தி உட்கார்ந்து கேட்போம். அவ மேல கோபத்தில் இல்ல. அவ முழுகிட்டா கூடவே குழுவும் முழுகும், அதனால.

ஐம்பதாயிரம் ரூபாய் மாட்டுக் கடனுக்கு இத்தனை கேள்வி. நம்ம ஊர்ல ஒரு ஆலை வருது, ஒரு சுரங்கம் வருது, பல நூறு அடி ஆழத்துக்குத் துளை போடப் போறாங்க. அதுக்கு எத்தனை கேள்வி கேட்கணும்? வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, தண்ணி என்ன ஆகும், மண் என்ன ஆகும், காத்து என்ன ஆகும், அங்க பிழைக்கிற ஜனம் என்ன ஆகும்னு ஆராய்ஞ்சு, எழுதி வைச்சு, ஜனங்களையும் கேட்டு, அப்புறம் அனுமதி கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்குப் பேருதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அவ்வளவுதான் விஷயம்.

சட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு தப்பை ஒத்துக்கணும்.

பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் எங்க குழுவுக்கு ஊக்குநர். எங்க ஊர்ல ஒரு நவீன அரிசி ஆலை வரப்போகுதுன்னு பேச்சு. ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் பெண்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான் வீடு வீடாப் போய்க் கூட்டிட்டுப் போனேன். வேலை கிடைக்கும், உள்ளூர் நெல்லுக்கு நல்ல விலை வரும்னு சொன்னாங்க. எங்க குழுவிலேயே மூத்தவங்களா ஒரு பெரியம்மா இருப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. அவங்க எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: “நெல்லு ஊறவைக்கிற தண்ணி எங்க போவும்?”

பதில் சொல்ல வேண்டியவங்க சிரிச்சாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அவங்க சேலையைப் பிடிச்சு இழுத்து, “சும்மா உக்காருங்க பெரியம்மா, நல்ல காரியம் நடக்கையில”ன்னேன். அப்புறம் வருகைப் பதிவேட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். மேல என்ன தீர்மானம் எழுதியிருக்குன்னு நாங்க யாரும் படிக்கல. ‘ஆட்சேபணை இல்லை’ன்னு எழுதியிருந்தது பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஆலை வந்துச்சு. எங்க குழுவில ரெண்டு பேருக்கு வேலையும் கிடைச்சுது, அதை மறைக்கக் கூடாது. ஆனா புழுங்கலுக்கு ஊறவைச்ச தண்ணி நேரா வாய்க்கால்ல விழுந்துச்சு. சாதாரணமாவே வீட்டில ரெண்டு நாள் ஊறின நெல் தண்ணி என்ன நாத்தம் நாறும்னு நமக்குத் தெரியும். அது தினமும் டேங்கர் டேங்கரா வந்தா? கருப்பா நுரைச்சுக்கிட்டு ஓடுச்சு. மாடு வாய் வைக்காது. உமி எரிச்ச சாம்பல் பறந்து வந்து கொடியில காயிற துணியில, சோத்துப் பானையில விழுந்துச்சு. அடுத்த வருஷம் வாய்க்கால் ஓரத்து அடிபம்புல தண்ணி மஞ்சளா வர ஆரம்பிச்சது. அந்த அடிபம்பு எந்தத் தெருவுல? பெரியம்மா தெருவுல.

குழுவுக்குள்ளயே ரெண்டு கட்சி ஆச்சு. ஆலையில வேலை பார்க்கிற தங்கச்சி, “என் சோத்துல மண் போடாதீங்க”ன்னு அழுதா. தண்ணிக்கு ரெண்டு தெரு தாண்டி நடக்கிறவ, “உன் சோத்துக்கு என் புள்ளை ஏன் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும்?”னு கேட்டா. ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். முன்னாடியே கேட்டிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. தண்ணியைச் சுத்தம் பண்ற தொட்டி கட்டினாத்தான் அனுமதி, சாம்பலை நனைச்சு மூடி எடுத்துட்டுப் போகணும்னு முதல் நாளே நிபந்தனை போட்டிருக்கலாம். ரெண்டு வருஷம் திங்கக்கிழமை குறைதீர் நாளுக்கு மனு கையுமா அலைஞ்ச பிறகு தொட்டி வந்துச்சு. சாம்பலும் குறைஞ்சுது. ஆனா அந்த அடிபம்பு இன்னைக்கும் பூட்டித்தான் கிடக்கு.

நேர்மையாச் சொல்லணும்னா, இந்த மாதிரிச் சின்ன ஆலை பெரிய மதிப்பீட்டுச் சட்டத்துக்குள்ள வராது. ஆனா பாடம் ஒண்ணுதான். பின்னாடி அழறதை விட முன்னாடி கேட்கிறது மலிவு.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். ‘முதல்ல ஆராய்ஞ்சு பார், அப்புறம் செய்’னு இதைச் சட்டமாவே போட்ட முதல் நாடு அமெரிக்கா. 1970 ஜனவரி 1-ல் அந்தச் சட்டத்தில கையெழுத்து ஆச்சு. நம்ம நாட்டில 1984 டிசம்பர்ல போபால் விஷவாயு ஆயிரக்கணக்கான பேரைக் கொன்ன பிறகு, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்குக் கீழே 1994 ஜனவரி 27-ல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு, 1997-ல் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் சேர்ந்துச்சு. இப்போ நடைமுறையில இருக்கிறது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை, அதுக்கப்புறம் வந்த பல திருத்தங்களோட.

சட்டம் டெல்லியில எழுதினதா இருக்கலாம். ஆனா அதோட தேவையை நாட்டுக்குச் சொன்னதுல நம்ம கடலோரத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. 1990-களின் தொடக்கத்துல நாகை கடலோரத்துல நெல் வயலை வாங்கி இறால் பண்ணை போட்டாங்க. கடல் தண்ணியை உள்ளே இறைச்சு, குட்டையில தேக்கினாங்க. பக்கத்து வயல் உப்பாச்சு. குடிக்கிற கிணறு உப்பாச்சு. நடவு, களை, அறுப்புன்னு வருஷத்துல பல மாசம் பெண்களுக்கு வேலை கொடுத்த நிலத்துல, குட்டையைக் காவல் காக்கச் சில பேர் போதும்னு ஆச்சு. அன்னியச் செலாவணி வருதுன்னு கணக்குச் சொன்னாங்க. குடிதண்ணிக்குக் குடம் தூக்கி நடந்த பொம்பளையோட கணக்கு அதுல எங்கேயும் இல்ல.

லாஃப்டி இயக்கத்தை நடத்தின கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவங்க கணவர் ஜெகந்நாதன் ஐயாவும் அந்த ஜனங்களோட நின்னு போராடினாங்க. ஜெகந்நாதன் ஐயா பேர்லயே உச்ச நீதிமன்றத்துல வழக்கு. 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்துச்சு. வல்லுநர் குழு போட்டுக் கணக்குப் பார்த்ததுல, இறாலை வித்து வர்ற வருமானத்தை விட, மண்ணுக்கும் தண்ணிக்கும் ஜனங்களுக்கும் ஆன சேதம்தான் அதிகம்னு வந்துச்சு. இனிமே இப்படிப் பண்ணைக்கு அனுமதி கொடுக்கிறதுக்கு முன்னாடி தாக்க மதிப்பீடு நடக்கணும், அதுல பலதரப்பட்ட ஜனங்களுக்கு என்ன ஆகும்கிறதையும் பார்க்கணும், வரப்போற தலைமுறையையும் கணக்குல எடுக்கணும்னு நீதிமன்றம் சொல்லுச்சு. பின்னாடி 2005-ல் தனிச் சட்டம் வந்து அனுமதி முறை மாறிப்போச்சு, அது வேற கதை. ஆனா அந்தத் தீர்ப்போட அடியில இருந்தது நம்ம டெல்டாப் பெண்களோட உப்புக் கிணறுதான்.

அடுத்தது மீத்தேன். இதுல நம்மில் பல பேர் தெருவுல இறங்கினவங்க. 2010-ல் மன்னார்குடி பகுதியில நிலக்கரிப் படிவத்துல இருந்து மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோட ஒப்பந்தம் ஆச்சு. தஞ்சை, திருவாரூர் மாவட்டங்கள்ல 691 சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பர்ல மத்திய அரசோட சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துச்சு. எனக்கு அப்படி ஒண்ணு வரப்போகுதுன்னு தெரிஞ்சதே அதுக்கப்புறம்தான்.

மீத்தேனை எப்படி எடுப்பாங்க? பூமிக்கு அடியில நிலக்கரிக்குள்ள இந்த வாயு அடைஞ்சு கிடக்கு. அதை வெளியே வராம அமுக்கி வைச்சிருக்கிறது அங்க இருக்கிற தண்ணியோட அழுத்தம். அந்தத் தண்ணியை இறைச்சு வெளியே எடுத்தாத்தான் வாயு வரும். ஒரு நாள், ரெண்டு நாள் இறைக்கிறது இல்ல, வருஷக்கணக்குல. இப்போ பெரியம்மா கேட்ட கேள்வியைக் கேளுங்க: அந்தத் தண்ணி எங்க போவும்? உப்புத் தண்ணியை எந்த வாய்க்கால்ல விடுவாங்க? கீழே காலியான இடத்துக்கு எந்தத் தண்ணி வரும்? நமக்குக் கிழக்கே கடல். மேலே இருந்து வர்ற காவிரித் தண்ணி குறைஞ்சு, கீழே நிலத்தடி நீரும் இறங்கினா, கடல் உள்ளே வராம என்ன செய்யும்? மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா திறக்காதான்னு பார்த்து, திறக்காத வருஷம் போர் தண்ணியை நம்பிக் குறுவை போடுற நாம, அந்தத் தண்ணியையும் விட்டுட்டு எங்க போறது?

இந்தக் கேள்வியைத்தான் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராப் போய்க் கேட்டார். 2013 டிசம்பர் 30-ல், மீத்தேன் எதிர்ப்புப் பிரசாரத்துக்கு வந்த இடத்துல, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டி பிச்சினிக்காட்டுல அவர் உயிர் போச்சு. அதுக்கு முன்னாடியே, 2013 ஜூலையில தமிழக அரசு திட்டத்தை நிறுத்தி வைச்சு நிபுணர் குழு போட்டுச்சு. குழு ஆராய்ஞ்சு பாதகமாத்தான் சொல்லுச்சு. 2015 அக்டோபர்ல அரசு அனுமதி இல்லைன்னு அறிவிச்சுது. வரிசையைக் கவனிங்க. முதல்ல ஒப்பந்தம், அப்புறம் அனுமதி, அப்புறம் போராட்டம், கடைசியில ஆராய்ச்சி. கடைசியில நடந்தது முதல்லயே முழுசா நடந்திருந்தா, இத்தனை பேர் வேலையை விட்டுட்டு ரோட்டுல உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

“அதான் இப்போ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிடுச்சே, இனி என்ன கவலை?”ன்னு சில பேர் கேட்பீங்க. நல்ல கேள்வி. 2020 ஜனவரி 16-ல் மத்திய அரசு ஒரு திருத்தம் போட்டு, எண்ணெய், எரிவாயு இருக்கான்னு துளையிட்டுப் பார்க்கிற வேலைக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லைன்னு ஆக்குச்சு. அடுத்த மாசம், பிப்ரவரி 20-ல், வேளாண் மண்டலச் சட்டத்தை நம்ம சட்டமன்றம் நிறைவேத்துச்சு. புதுசா எண்ணெய், எரிவாயு, மீத்தேன் கிணறு, தாமிர உருக்காலை, தோல் ஆலை மாதிரி தொழில்கள் இங்க வரக் கூடாதுன்னு அந்தச் சட்டம் சொல்லுது. பெரிய விஷயம்தான். ஆனா ஏற்கனவே நடந்துக்கிட்டு இருந்த வேலைகளை அது தொடாது. துறைமுகம், சாலை, குழாய் பதிக்கிறது மாதிரி வேலைகளுக்கும் அது தடை இல்லை. 2023-ல் நம்ம வடசேரிப் பகுதி நிலக்கரி ஏலப் பட்டியல்ல வந்துச்சு, ஞாபகம் இருக்கா? எதிர்ப்பு வந்து ஏப்ரல்ல நீக்கினாங்க. சட்டம் ஒரு வேலி. வேலி போட்ட கொல்லைக்கும் ஆள் காவல் வேணும்.

இந்த மதிப்பீட்டு முறையில பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. அறிக்கையை யார் தயார் பண்றாங்க? திட்டம் கொண்டு வர்ற நிறுவனமே காசு கொடுத்து அமர்த்துற ஆலோசகர்தான். கடன் கேட்கிறவங்களே தன் தர மதிப்பீட்டையும் எழுதிட்டு வர்ற மாதிரி. இன்னொண்ணு, மழைக்காலம் இல்லாத ஒரு பருவத்துல எடுத்த அளவுகளை வைச்சே பல அறிக்கைகள் வருது. சித்திரையில நம்ம ஊருக்கு வந்தா வயல் வெடிச்சுக் கிடக்கும், வாய்க்கால்ல ஆடு மேயும். ‘தரிசு’ன்னு எழுதிட்டுப் போயிடலாம். அதே ஆள் ஐப்பசியில வந்தா வரப்பு எது, வயல் எதுன்னு தெரியாது, எல்லாமே தண்ணி. எந்தத் தெருவுல வெள்ளம் முதல்ல ஏறும், எந்த வடிகால் அடைச்சா எந்த நடவு அழுகும், எந்தக் கிணறு கோடையிலயும் ஊறும்னு யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரியும். அந்த ஓட்டையை அடைக்கிற இடம்தான் கருத்துக்கேட்புக் கூட்டம்.

அதனால நடைமுறையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க. கூட்டத்துக்குக் குறைஞ்சது 30 நாளைக்கு முன்னாடி நாளிதழ்ல அறிவிப்பு வரணும், அதுல ஒண்ணு நம்ம மொழி நாளிதழா இருக்கணும். அறிக்கை வரைவு கலெக்டர் ஆபீஸ் மாதிரி அரசு அலுவலகங்கள்ல பார்வைக்கு இருக்கணும். சுருக்கம் தமிழ்ல இருக்கணும். கலெக்டரோ, அவர் சார்பா கூடுதல் மாவட்ட நடுவர் பொறுப்புக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்கணும். அந்தப் பகுதியில இருக்கிற யார் வேணும்னாலும் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். பேசினது வீடியோவுல பதிவாகணும். முடிவுல, யார் என்ன சொன்னாங்கன்னு நம்ம மொழியில வாசிச்சுக் காட்டணும். இத்தனை பேர் வந்தாத்தான் செல்லும்னு கணக்குக் கிடையாது. அதாவது, நாம போகலைன்னாலும் கூட்டம் நடந்ததாத்தான் எழுதுவாங்க. அனுமதி கொடுத்தது தப்புன்னா 30 நாளுக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கு.

அங்க போய் என்ன பேசுறதுன்னு பயப்பட வேண்டாம். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். தண்ணி எங்கிருந்து எடுப்பீங்க, கழிவுத் தண்ணி எங்க போவும்? இந்த நிலத்துல வருஷத்துக்கு எத்தனை பெண்களுக்கு எத்தனை நாள் வேலை இருந்துச்சு, இனி எத்தனை பேருக்கு வேலை? வெள்ள வடிகால் எது வழியா? நீங்க வேலையை முடிச்சுட்டுப் போன பிறகு குழியை மூடுறது யார்? சொன்னபடி நடக்கலைன்னா யாரைப் பிடிக்கிறது? இவ்வளவு போதும். எல்லாத்தையும் எதிர்க்கணும்னு நான் சொல்லல. நமக்கும் வேலை வேணும், ரோடு வேணும், கரண்ட் வேணும். நல்ல கடனா, கெட்ட கடனான்னு கேள்வி கேட்டாத்தானே தெரியும்?

கடைசியா ஒரு வேண்டுகோள். இன்னைக்கு இந்தக் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போடணும். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்புலயும் ரெண்டு பேர், படிக்கத் தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி, ஊர் தெரிஞ்ச அம்மா ஒருத்தர், ரெண்டு பேரையும் இந்தப் பொறுப்புக்குப் போடுவோம். அறிவிப்பு வந்தா படிக்கிறது அவங்க வேலை, மாசக் கூட்டத்துல சொல்றது அவங்க வேலை. இன்னொண்ணு, கிராம சபையில மேல எழுதியிருக்கிறதை வாசிக்காம இனி நம்ம குழுவுல ஒருத்தரும் கையெழுத்துப் போடக் கூடாது. காலியா இருந்தா, எழுதின பிறகு போடுறோம்னு சொல்லுவோம்.

எங்க பெரியம்மா இன்னைக்கு வரல. முழங்கால் வலி, பஸ் ஏற முடியல. இந்தத் தலைப்புல பேசப் போறேன்னு நேத்து சாயங்காலம் போய்ச் சொன்னேன். அன்னைக்குச் சேலையைப் பிடிச்சு இழுத்ததுக்கு மன்னிப்பும் கேட்டேன். “அதெல்லாம் வுடு. தண்ணி எங்க போவும்னு இப்பவாச்சும் எல்லாரையும் கேக்கச் சொல்லு”ன்னாங்க.

சொல்லிட்டேன். நீங்க கேளுங்க.